கண்ணுக்குத் தெரியும் பிழை

தமிழில் ‘மருந்து’ என்ற சொல் நோய் தீர்ப்பதையும் குறிக்கும். துப்பாக்கியில் இடப்படுவதையும் குறிக்கும். தெலுங்கின் ‘மந்து’, மலையாளத்தின் ‘மருன்னு’, கன்னடத்தில் அவற்றுக்கு இனமான சொல் ஆகியவற்றுக்கும் இந்த இரு பொருளும் உண்டு. பாரசீகத்தில் மருந்தைக் குறித்த ‘தாரூ’, மராத்திக்கும் குஜராத்திக்கும் வந்தபோது வெடிமருந்தையும் மதுவையும் குறிக்கலாயிற்று. சீனமொழியில் வெடிமருந்தின் பெயரே ‘நெருப்பு மருந்து’ என்றுதான் பொருள்படும். இனத்தாலும் நிலத்தாலும் வேறுபட்ட இத்தனை மொழிகள் மருந்தையும் வெடிமருந்தையும் ஒரே சொல்லில் அடக்கியிருக்கின்றன. இரண்டிலும் பொருளைவிட அளவே விளைவை முடிவு செய்கிறது என்பதை அந்தச் சொல் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்த அளவை ஒரு தனிமனிதர் தம் வீட்டு மேசையில் அமர்ந்து தாமே முடிவு செய்யும் பழக்கம் ஒன்று அமெரிக்காவில் பரவலாக உள்ளது. சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டைப் பொறுக்கியெடுத்து மீண்டும் நிரப்பும் கைவேலை அது. ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தப்படும் பிரைமர், உள்ளே மருந்து, முகப்பில் குண்டு. சுட்டபின் எஞ்சுவது கூடு மட்டுமே. விலையில் பெரும்பங்கு பெறுவதும், பலமுறை உழைக்கக்கூடியதும் அதுவே. எனவே கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதிய பிரைமர் பொருத்தி, மருந்து இட்டு, குண்டை அமர்த்தினால் தோட்டா மீண்டும் உருவாகிறது. சொந்தப் பயன்பாட்டுக்காக இதைச் செய்வோரிடம் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாத் தயாரிப்பை உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. ஆகவே இந்திய வாசகருக்கு இது படித்து அறிய வேண்டிய பொருள். செய்து பார்க்க வேண்டியதன்று. எனினும் அளவு, கருவி, நூல், கை ஆகிய நான்கும் ஒன்றையொன்று எவ்வாறு சரிபார்க்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கைவேலைகள் குறைவு. ஆய்வகத்திலோ களத்திலோ அளந்து வாழ்வோருக்கு இதில் எடுத்துக்கொள்ளச் சில உண்டு.

புதிதாகத் தொடங்குபவர் கடைக்குள் நுழைந்து முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்த மருந்து நல்லது?’ என்பதாக இருக்கும். இலக்கண நோக்கில் இது முழுமை பெறாத வாக்கியம். ‘நல்லது’ என்பதற்கு ‘எதற்கு’ என்ற நான்காம் வேற்றுமைச் சொல் ஒன்று தேவைப்படுகிறது. எந்தத் தோட்டாவுக்கு, எத்தனை எடையுள்ள குண்டுக்கு, எந்த நோக்கத்துக்கு, எந்தக் கருவியால் அளந்து இடுவதற்கு என்பவை நிரம்பிய பின்னரே அந்தக் கேள்விக்கு விடை உண்டு. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்கக் கடைகளில் தோட்டாக்களுக்கும் பிரைமர்களுக்கும் மருந்துகளுக்கும் கடும் தட்டுப்பாடு நிலவியது. தட்டுப்பாடு இந்த வரிசையைத் தலைகீழாக்கும் இயல்புடையது: அலமாரியில் எஞ்சியிருக்கும் மருந்தை முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் அளவைப் பின்னர் தேடத் தோன்றும். அனுபவமுள்ளவர்கள் சொல்லும் வரிசை வேறு. முதலில் கையேடு, அதைப் படித்து முடித்த பின் தோட்டா வகையும் குண்டும், அதன் பின்னரே மருந்து.

மருந்துகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது முதன்மையாக எரியும் வேகத்தில். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகக் கரிமருந்தே ஆண்டது. புகையற்ற மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்; பலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். நீலகிரியின் அருவங்காட்டில் இன்றும் இயங்கும் கார்டைட் தொழிற்சாலை அந்த மாற்றத்தின் அலையில் எழுந்ததே. துகளின் வடிவத்தையும் பருமனையும் மேற்பூச்சையும் மாற்றி, ஒரே வேதிப்பொருளை விரைவாகவோ மெதுவாகவோ எரியச் செய்ய இயலும். கைத்துப்பாக்கியின் குழல் குறுகியது. குண்டு அதைக் கடக்கும் நேரம் மிகச் சிறிது. எனவே பொதுவாக விரைவாக எரியும் மருந்துகளே அதற்குரியவை.

எரிவேகப் பட்டியல்கள் கையேடுகளில் அச்சிடப்படுகின்றன. மிக விரைவானது முதலிடத்தில். மிக மெதுவானது கடைசியில். அளவியல் பயின்றவர்கள் இங்கு ஒன்றைக் கவனிக்கலாம். இது வரிசையளவு மட்டுமே, இடைவெளியளவு ஆகாது. பத்தாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் உள்ள தூரம், இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் உள்ள தூரத்துக்குச் சமமென்று பட்டியல் கூறவில்லை. அடுத்தடுத்து நிற்கும் இரு மருந்துகளுக்கு ஒரே அளவு பொருந்தும் என்றும் அது கூறவில்லை. ஆனால் பட்டியல் என்ற வடிவமே அண்டையிலிருப்பவை ஒத்தவை என்ற மயக்கத்தைத் தருகிறது. பக்கத்து வரியின் அளவை எடுத்து இந்த மருந்துக்கு இடுவது, புதியவரின் கைகளைக் காவுகொள்ளக்கூடிய பிழை.

பெயர்களும் இதே மயக்கத்தைக் கூட்டுகின்றன. ஹெச்.பி.38 என்றும் வின்செஸ்டர் 231 என்றும் இரு பெயர்களில் விற்கப்படுவது ஒரே மருந்து. ஹெச்110 என்பதும் வின்செஸ்டர் 296 என்பதும் அவ்வாறே. இதற்கு எதிர்நிலையும் உண்டு. நீள்துப்பாக்கி மருந்துகளில் 4831 என்ற ஒரே எண்ணைத் தாங்கி நிற்கும் ஹாட்ஜ்டன் மருந்தும் ஐ.எம்.ஆர். மருந்தும் வெவ்வேறு வேகத்தில் எரிபவை. ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு இடலாகாது. ஒருபொருட் பன்மொழியும் பலபொருள் ஒருமொழியும் வகுப்பறையில் சுவையான எடுத்துக்காட்டுகள். இந்த மேசையில் அவை எஃகைப் பிளக்கும் அழுத்தமாக மாறக்கூடியவை. எனவே புட்டியின் மேலுள்ள முழுப்பெயரும் கையேட்டின் முழுப்பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும் என்பது இக்கைவேலையின் முதல் விதி.

வேகத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது, மருந்து கூட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. தொடக்கக்காரருக்கு இதுவே வேகத்தைவிட முதன்மையானது. .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். 1898இல் தோன்றிய அத்தோட்டாவின் கூடு, இடத்தை மிகுதியாகக் கேட்கும் கரிமருந்துக்காக நீளமாக அமைக்கப்பட்டது. புகையற்ற மருந்து ஆற்றல் செறிந்தது. மிகச் சிறிய அளவே போதும். அதே காலத்தில் சந்தைக்கு வந்து இன்றும் விற்கப்படும் புல்ஸ்ஐ போன்ற விரைவு மருந்தை உரிய அளவில் இட்டால், அது அந்த நீண்ட கூட்டின் அடியில் ஒரு சிறு படிவாகவே கிடக்கும். அதன் மேல் தவறுதலாக இரண்டாம் முறையும் மருந்து விழுந்தால் கூடு வழியாது. மூன்றாம் முறை விழுந்தாலும் இடம் இருக்கும். மேலே குண்டை அமர்த்தியபின் வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது மற்றத் தோட்டாக்களைப் போலவே தோன்றும். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில் தரநிலை வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. இரட்டை அளவு அந்த எல்லையை எங்கோ விட்டுச் செல்லும்.

இதனால்தான் அனுபவமுள்ள பலர் தொடக்கக்காரருக்குச் சொல்லும் அறிவுரை, சிக்கனமான மருந்தைத் தேடாமல் பருமனான மருந்தைத் தேடுமாறு அமைகிறது. உரிய அளவே கூட்டின் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தாக இருப்பின், இரண்டாம் முறை இடும்போது அது வழிந்து மேசையில் சிதறும். பிழை தன்னைத் தானே அறிவித்துவிடும். 9 மி.மீ. லூகர் போன்ற குறுகிய கூடு கொண்ட தோட்டாக்களில் இத்தகைய மருந்தைக் கண்டெடுப்பது எளிது. நீண்ட பழைய கூடுகளில் சற்று முயன்று தேடவேண்டும். சிக்கனக் கணக்கு இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். ஒரு தோட்டாவுக்கு ஐந்து கிரெயின் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 1400 தோட்டாக்கள். நான்கு என்று வைத்தால் 1750. அந்த வேறுபாட்டின் விலை சில டாலர்கள். அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத பிழையை ஏற்பது மோசமான பேரம்.

மூன்றாவது, மருந்து அளவியிலிருந்து எவ்வாறு இறங்குகிறது என்பது. உருண்டைத் துகள்கள் நீரைப் போல் ஒழுகி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். தட்டையான பெரிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தங்கி, ஒருமுறை கூடவும் மறுமுறை குறையவும் செய்யும். பருமனாக இருக்கும் மருந்துகள் பல இந்தச் செதில் வகையைச் சேர்ந்தவை. ஆகவே கூட்டை நன்கு நிரப்புவது, சீராக இறங்குவது என்ற இரு நற்பண்புகள் ஒரே மருந்தில் எப்போதும் கூடி வருவதில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்ற தேர்வில், தொடக்கக்காரர் சீர்மையைச் சற்று விட்டுக்கொடுத்து, ஒவ்வோர் அளவையும் தராசில் நிறுத்துப் பார்க்கும் பொறுமையை ஈடாக வைப்பது நலம்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழி இங்கே பாதி உண்மையே. அளவுக்குக் குறைந்தாலும் இங்கே நஞ்சுதான். மருந்து மிகக் குறைந்தாலோ விழாமலே போனாலோ, பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளி அங்கேயே நிறுத்திவிடக்கூடும். ஓசை மெலிந்ததைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால், அடைபட்ட குழலில் இரண்டாம் குண்டு மோதும். மேலும், மாக்னம் வகைத் தோட்டாக்களுக்கான ஹெச்110 போன்ற மெதுமருந்துகளை, அச்சிடப்பட்ட அளவுக்கு வெகுவாகக் கீழே குறைத்து இடலாகாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். ‘சந்தேகம் எனில் குறைத்துக்கொள்’ என்ற பொதுப்புத்தி அங்கே வழிகாட்டாது. தொடக்கக்காரர் இத்தகைய மருந்துகளை விட்டு விலகி, கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே அகன்ற வெளியுள்ள நடுத்தர மருந்துடன் தொடங்குவது நல்லது.

அந்த எல்லைகளைக் கூறுவது கையேடு. லைமன், ஸ்பியர், ஹார்னடி போன்றோரின் கையேடுகளிலும் மருந்துத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளிலும் ஒவ்வொரு குண்டுக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு என இரு எண்கள் இருக்கும். தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறு சிறு படிகளில் ஏறி, ஒவ்வொரு படியிலும் கூட்டையும் துப்பாக்கியையும் உற்று நோக்க வேண்டும். இரு கையேடுகள் ஒரே மருந்துக்கு வெவ்வேறு உச்சங்களைக் கூறுவதைக் கண்டு புதியவர் திகைப்பார். சில வேளைகளில் பெரிய எண்ணை நம்ப விரும்புவார். இரண்டும் பொய்யல்ல. சோதித்த குழல் வேறு, குண்டின் வடிவம் வேறு, மருந்தின் தயாரிப்புத் தொகுதி வேறு, அழுத்தத்தை அளந்த முறையும் வேறாக இருக்கலாம். செப்பு உருளை நசுங்குவதை வைத்து அளந்த பழைய எண்ணும், அழுத்த உணரி கொண்டு அளந்த புதிய எண்ணும் ஒரே அலகில் பேசுபவையல்ல. சோதனைச் சூழலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எண்ணுக்குப் பொருளில்லை என்பதைப் புள்ளியியல் வகுப்பைவிட இந்த அட்டவணை அழுத்தமாகக் கற்பிக்கிறது. குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் அமர்த்துவது என்ற எண்ணும் அதே அட்டவணையில் இருக்கும். 9 மி.மீ. போன்ற சிறு கூட்டில் குண்டு சற்றே அதிக ஆழம் இறங்கினாலும் உள்ளிடம் சுருங்கி அழுத்தம் ஏறும். மருந்தின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு நீளத்தை விட்டுவிடுவது, வாக்கியத்தின் பாதியைப் படிப்பது போன்றது.

கருவிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கூட்டை அழுத்தி வேலை செய்யும் பிரஸ் மூன்று வகை. ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் கைப்பிடியின் ஓர் இழுப்புக்கு ஒரு வேலை மட்டுமே நடக்கும். ஐம்பது கூடுகளையும் நெருக்கி முடித்து, அச்சை மாற்றி, ஐம்பதின் வாயையும் விரித்து, பின் ஐம்பதுக்கும் மருந்திட்டு, இறுதியில் ஐம்பதிலும் குண்டை அமர்த்த வேண்டும். சுழல்தலைப் பிரஸ்ஸில் அச்சுகள் தலையில் பொருத்தப்பட்டுச் சுழலும். மாற்றும் வேலை மிச்சம். தொடர்நிலைப் பிரஸ்ஸில் பல கூடுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிலைகளில் நிற்க, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத்தோட்டா வெளிவரும். வேகத்தில் மூன்றாவதற்கு ஈடில்லை. ஆனால் அதன் கைப்பிடி நடுவழியில் சிக்கி, மீண்டும் இழுக்கப்படும்போது, எந்தக் கூட்டில் மருந்து விழுந்தது, எதில் விழவில்லை, எதில் இருமுறை விழுந்தது என்பது மறைந்துவிடும். ஒற்றை நிலையில் ஒவ்வொரு செயலும் முடிந்து நிற்கிறது. பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது. மெதுவாக இருப்பதே தொடக்கக்காரருக்கு அதன் சிறப்பு. தொடர்நிலைக்கு மாறிய பின்னும் ஒற்றை நிலைப் பிரஸ்ஸை யாரும் எளிதில் விற்றுவிடுவதில்லை.

அச்சுகளில் பணத்தை மிச்சப்படுத்த வேண்டியதில்லை. கைத்துப்பாக்கிக் கூடுகளை நெருக்கும் அச்சில் கார்பைடு வளையம் பொருத்தியதை வாங்கினால், ஒவ்வொரு கூட்டுக்கும் எண்ணெய் தடவித் துடைக்கும் வேலை பெரும்பாலும் ஒழியும்.

எல்லாவற்றினும் முதன்மையான கருவி தராசு. மருந்தை இறக்கும் அளவி கன அளவை அளக்கிறது. கையேடு கேட்பது எடையை. ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்ப்பது தராசு. எனவே அளவியைத் திருத்தி அமைத்த பின்னும், பத்துக்கு ஒன்றையேனும் நிறுத்துப் பார்ப்பது வழக்கம். தண்டுத் தராசு மெதுவானது, மின்சாரம் கேட்காது, நெடுநாள் மாறாது. மின்னணுத் தராசு விரைவானது. ஆனால் மின்விசிறியின் காற்றுக்கும் தட்பவெப்ப மாற்றத்துக்கும் அதன் எண் நகரும். கிராமுக்கும் கிரெயினுக்கும் இடையே ஒரு பொத்தானே தூரம் என்பது அதன் இன்னொரு இடர். ஒரு கிரெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம், ஐந்து கிராம் என்பது எழுபத்தேழு கிரெயின். எதை வாங்கினாலும், எடை அறிந்த சோதனைக் கற்களையும் உடன் வாங்கி, ஒவ்வொரு முறையும் வேலை தொடங்குமுன் தராசையே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

கிரெயின் என்பது தானியமணி. வாற்கோதுமையின் ஒரு மணியிலிருந்து பிறந்த அலகு என்பது அதன் வரலாறு. தமிழகப் பொற்கொல்லரின் குன்றிமணியும் இதே வழியில் வந்தது. அது தோராயமாக இரண்டு கிரெயினுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தானியமணி என்ற அச்சொல் இந்த மேசையில் மூன்று பொருள்களில் புழங்குகிறது: மருந்தின் எடை, குண்டின் எடை, மருந்தின் ஒரு துகள். 9 மி.மீ. குண்டுப் பெட்டியின் மேல் 115 அல்லது 124 என்று அச்சிட்டிருப்பது குண்டின் எடை, மருந்தின் அளவன்று. முதல் நாளில் இந்த வேறுபாட்டை ஒருவர் எடுத்துச் சொல்லாவிட்டால் புதியவர் குழம்புவதில் வியப்பில்லை.

எஞ்சியவை சிறு பொருள்கள், ஆனால் தவிர்க்கக்கூடாதவை. கூடுகளை நிரையாக நிறுத்த ஐம்பது குழிகள் கொண்ட பலகை. தோட்டாவின் நீளத்தை அளக்கக் காலிப்பர். பிழையாக முடிந்த தோட்டாவைப் பிரித்தெடுக்கும் சுத்தியல் போன்ற கருவி. இதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும், ஏனெனில் அது கையில் இல்லாதவர் ஐயத்துக்குரிய தோட்டாவையும் ‘பரவாயில்லை’ என்று பெட்டியில் போட்டுவிடுவார். கண்ணாடி. பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருப்பதால், வேலை முடிந்ததும் கைகழுவச் சோப்பு. உண்பதும் புகைப்பதும் அந்த மேசையில் கூடாது. மேசையின் மேல் ஒரே ஒரு மருந்துப் புட்டி மட்டுமே இருக்கலாம். அது தயாரிப்பாளரின் புட்டியாகவே இருத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அளவியில் எஞ்சியதை உடனே அதே புட்டிக்குள் திருப்பிவிட வேண்டும். மறுநாள் அளவியில் பெயரின்றிக் கிடக்கும் மருந்தை, நினைவை நம்பி எந்தப் புட்டியிலும் சேர்க்கலாகாது. முறைப்படி அழித்துவிடுவதே வழி. துகள்களைப் பார்த்து மருந்தின் பெயரைச் சொல்லிவிட யாராலும் இயலாது.

மருந்திட்ட ஐம்பது கூடுகளும் பலகையில் நிற்கும்போது, குண்டை அமர்த்துவதற்கு முன், விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளும் நோக்குவது இக்கைவேலையின் மிக முக்கியமான கணம். எல்லாக் கூடுகளிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் நிழல் ஆழமாகத் தெரிந்தாலோ, மட்டம் உயர்ந்து நின்றாலோ, அதைக் கொட்டி மீண்டும் நிறுக்க வேண்டும். பருமனான மருந்தும், மெதுவான பிரஸ்ஸும், குழிகள் கொண்ட பலகையும் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்தப் பார்வை இயல்வதற்காகவே. இவற்றில் எதுவும் பிழையைத் தடுப்பதில்லை. மனிதக் கை பிழைக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, பிழைத்த கணத்தில் அது கண்ணில் படுமாறு மேசையை அமைக்கின்றன.

முடிந்த தோட்டாக்கள் பெட்டிக்குள் போகின்றன. பெட்டியின் மேல் தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், எடை, குண்டு, பிரைமர், நீளம் ஆகியவை எழுதப்படுகின்றன. அதே செய்தி ஒரு குறிப்பேட்டிலும் ஏறுகிறது. இக்குழுவினரிடையே எழுதப்படாத ஒரு விதியும் உண்டு: இன்னொருவர் நிரப்பிய தோட்டாவை, அவர் நெடுநாள் நண்பராயினும், சுடுவதில்லை. முகமறியாத ஆய்வகம் அச்சிட்ட எண்ணை முழுமையாக நம்புபவர்கள், அருகில் நிற்கும் தோழரின் கையை நம்புவதில்லை. இதில் அவமதிப்பு ஏதுமில்லை; தோழரும் அதே விதியைப் பின்பற்றுபவரே. அச்சிட்ட எண் எந்தச் சூழலில் பிறந்தது என்பது அதன் அருகிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூடிய தோட்டாவுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதற்கோ, நிரப்பியவர் அன்று விளக்கைச் சாய்த்துப் பார்த்தாரா என்பதைத் தவிர வேறு சான்று இல்லை. அதை அறிந்தவர் அவர் ஒருவரே.